மர்மக் காய்ச்சலின் கணக்குப் புத்தகம்

தமிழ் நாளிதழ்களுக்கென்றே ஒரு நோய் உண்டு. மருத்துவப் பாடநூல் எதிலும் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதன் பெயர் மர்மக் காய்ச்சல். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும், மர்மக் காய்ச்சலுக்கு ஒருவர் பலி, மர்மக் காய்ச்சலால் கிராம மக்கள் பீதி என்று மாவட்டச் செய்திப் பக்கங்களில் வரத் தொடங்கிவிடும். நான் மேட்டூர்க்காரன். எங்கள் பள்ளியில் பையன்கள் லீவ் லெட்டரில்கூட 'மர்மக் காய்ச்சல் காரணமாக' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாத்தியாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அந்தக் காய்ச்சல் டெங்குவாக இருந்திருக்கும். எலிக்காய்ச்சலாக, டைஃபாய்டாக, ஸ்கிரப் டைஃபஸாக, இன்ஃபுளூயன்சாவாக இருந்திருக்கும். யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை, அல்லது முடிவு வருவதற்குள் ஆள் போய்விட்டார். பெயர் வைக்க நேரமில்லாமல் போன காய்ச்சல்களுக்கெல்லாம் நாம் வைத்த பொதுப்பெயர்தான் மர்மம்.

இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தக் கட்டுரையில் பின்தொடர நினைக்கிறேன். இன்ஃபுளூயன்சா. பேச்சில் ஃபுளூ. 1918இல் இது இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 2009இல் பன்றிக் காய்ச்சல் என்ற பெயரில் திரும்பி வந்தது. ஆனால் சாதாரண ஆண்டுகளில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ரசம் சோறு, பாராசிட்டமால், ஐந்து நாள் படுக்கை, அவ்வளவுதான். பெரும்பாலோருக்கு அப்படித்தான் முடியும். சிலருக்கு முடியாது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், இருதய நோயாளிகள், ஆஸ்துமாக்காரர்கள் என்று ஒரு சிறு கூட்டத்துக்கு அது நுரையீரலுக்குள் இறங்கும். மூச்சு வாங்கும். உதடு நீலம் பாரிக்கும். அவர்கள் மருத்துவமனைக் கட்டிலுக்கு வந்து சேர்வார்கள்.

அந்தக் கட்டிலில் கிடப்பவர்களை எண்ணுவது ஒரு தனிக் கலை. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

பேரேட்டில் ஒரு 'சுரம்'

1918 ஜூன் 10. பம்பாய்த் துறைமுகத்தில் காவலுக்கு நின்ற 7 போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இந்தியாவில் அந்தக் கொள்ளைநோயின் கதை வழக்கமாக இந்த இடத்தில்தான் தொடங்கும். கவனித்துப் பார்த்தால், அந்த 7 பேரைப் பற்றி நமக்குத் தெரிவதற்குக் காரணமே அவர்கள் சிப்பாய்கள் என்பதுதான். அரசு ஊழியர் படுத்தால் அரசு மருத்துவமனை, அரசு மருத்துவமனை என்றால் பதிவேடு. அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கூலி அதற்கு முந்தைய வாரமே படுத்திருக்கலாம். அவர் குடிசையில் படுத்தார், அதனால் வரலாற்றில் இல்லை.

முதல் அலை லேசாகக் கடந்தது. செப்டம்பரில் வந்த இரண்டாவது அலைதான் கொன்றது. பம்பாய் நகரில் அக்டோபர் 6 அன்று ஒரே நாளில் 768 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்திருந்தது, தானிய விலை ஏறிக் கிடந்தது. பசித்த உடல்களின்மேல் வந்து விழுந்தது காய்ச்சல். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்தவர்கள், அதாவது உழைக்கிற வயதுக்காரர்கள், அதிகம் செத்தார்கள். இந்திக் கவிஞர் நிராலா இந்தக் காய்ச்சலில்தான் மனைவியை இழந்தார்.

சென்னை மாகாணத்தில் சாவு பம்பாயைவிடவும் மத்திய மாகாணத்தைவிடவும் குறைவு. ஆனால் எப்படி எண்ணினார்கள் என்பதுதான் நம் கேள்வி. கிராமத்தில் ஒரு சாவு விழுந்தால் செய்தி தலையாரி வழியாகவோ வெட்டியான் வழியாகவோ கிராம முன்சீப்புக்குப் போகும். எங்கள் பக்கத்தில் மணியக்காரர் என்போம். அவர் பதிவேட்டில் எழுதுவார், மொத்தக் கணக்கு தாலுகாவுக்குப் போகும். சாவின் காரணத்துக்குக் கட்டங்கள் உண்டு: காலரா, பெரியம்மை, பிளேக், சுரம், வயிற்றுப்போக்கு, மூச்சு சம்பந்தப்பட்டவை, விபத்து, மற்றவை. இன்ஃபுளூயன்சாவுக்குக் கட்டம் இல்லை. மணியக்காரர் மருத்துவம் படித்தவரும் இல்லை. உடம்பு சுட்டது, இருமினார், போய்விட்டார். சுரம் என்று எழுதினார்.

என் அம்மாயி கொளத்தூர்ப் பக்கம். அவருடைய அம்மா சொன்னதாகச் சொல்வார்: "வெசக் காச்சலு வந்த வருசம் ஒரே வூட்டுல மூணு பொணம். தூக்கறதுக்கு ஆளில்ல சாமி. தூக்கப் போனவனும் மக்யா நாளு படுத்துக்கிட்டான்." வெசக் காய்ச்சல், மர்மக் காய்ச்சல். பெயர்தான் மாறியிருக்கிறது.

இப்படிக் குருட்டாம்போக்கில் எழுதிய பேரேட்டுக்கு என்ன மதிப்பு என்று தோன்றும். இருக்கிறது, பெரிய மதிப்பு. மணியக்காரர் 1918இல் மட்டும் எழுதவில்லை. 1915இலும் எழுதினார், 1916இலும் 1917இலும் எழுதினார். சாதாரண ஆண்டில் சுரத்தில் எத்தனை பேர் சாவார்கள் என்று தெரிந்திருந்ததால்தான், 1918இன் கடைசி மாதங்களில் எத்தனை பேர் கூடுதலாகச் செத்தார்கள் என்று கழித்துப் பார்க்க முடிந்தது. அன்றைய அரசின் முதல் மதிப்பீடு 60 லட்சம். பிற்கால மக்கள்தொகை ஆய்வாளர்கள் அதே பதிவேடுகளையும் 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் வைத்துக்கொண்டு ஒரு கோடியே 20 லட்சம் முதல் 2 கோடி வரை போனார்கள். நோயின் பெயர் தெரியாத கணக்கு. ஆனால் விடாமல் எழுதிய கணக்கு. அதனால் அது பேசியது.

மேட்டூரைப் பொறுத்தவரை இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1918இல் இன்றைய மேட்டூர் கிடையாது. அணை வேலை தொடங்கியது 1925இல், திறந்தது 1934 ஆகஸ்ட் 21இல். ஆற்றின் இரு கரையிலும் இருந்த பல கிராமங்கள் ஸ்டான்லி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டன. நீர்மட்டம் நன்றாக இறங்கும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோவிலின் நந்தியும் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரியும். ஜனங்கள் பரிசலில் போய்ப் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். அந்த ஊர்களிலும் 1918இல் ஒரு மணியக்காரர் இருந்திருப்பார். அந்தச் சுடுகாடுகள் இப்போது தண்ணீருக்கு அடியில்.

குன்னூரில் கிடைத்த பெயர்

1933இல் லண்டனில் மனித இன்ஃபுளூயன்சா வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். மேட்டூர் அணை திறப்பதற்கு முந்தைய ஆண்டு. அதுவரை காய்ச்சலுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்றே பலர் நினைத்திருந்தார்கள். 1952இல் உலக சுகாதார நிறுவனம் நாடுகளின் ஆய்வகங்களை இணைத்து இன்ஃபுளூயன்சாவுக்கென ஒரு வலைப்பின்னலை உருவாக்கியது. இந்தியாவில் அதன் முக்கியமான கண்ணி நம் நீலகிரியில் இருந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பேர் போன அதே இடம்.

1957 மே மாத நடுவில் மலாயா பக்கமிருந்து வந்த ஒரு கப்பல் சென்னைத் துறைமுகத்தில் நின்றது. பயணிகளில் பலர் காய்ச்சலோடு இருந்தார்கள். ஆசிய ஃபுளூ என்று பின்னால் பெயர் பெற்ற கொள்ளைநோய் இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் அதுதான். 1918இல் பம்பாய், 1957இல் சென்னை. சுமார் 12 வாரங்களில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. குன்னூரில் இருந்த ஐ.ஜி.கே. மேனன் இதைப் பற்றி எழுதிய நீண்ட அறிக்கை 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. 1957 மே 19 தொடங்கி 1958 பிப்ரவரி 8 வரை அரசுக்கு வந்து சேர்ந்த கணக்கு: 44 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள், ஏறத்தாழ 1,100 இறப்புகள்.

மணியக்காரர் காலத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் பாருங்கள். வைரஸின் பெயர் தெரிகிறது, எந்தக் கப்பலில் வந்தது என்று தெரிகிறது. ஆனால் ஒன்று இடிக்கிறது. 44 லட்சம் பேருக்கு 1,100 சாவு என்றால் நாலாயிரம் பேருக்கு ஒன்று. நோய் 1918ஐவிட லேசானது என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் நிமோனியா வந்து இறந்த கிழவிக்கு இன்ஃபுளூயன்சா என்று யார் எழுதியிருப்பார்கள்? காய்ச்சல்காரர்களை எண்ணத் தெரிந்துவிட்டது. அவர்களில் எத்தனை பேர் மோசமானார்கள், யார் மோசமானார்கள் என்று எண்ண இன்னும் ஏற்பாடு இல்லை. லேசான காய்ச்சலையும் கடுமையான காய்ச்சலையும் ஒரே கூடையில் போட்டால் இரண்டைப் பற்றியும் சரியாகத் தெரியாமல் போகும்.

பிலிகுண்டுலுவில் ஒரு அளவுகோல்

இந்த இடத்தில் எங்கள் ஊர் உதாரணம் ஒன்று சொன்னால்தான் அடுத்தது விளங்கும்.

மாநிலச் செய்தி கேட்டு வளர்ந்த யாருக்கும் இந்த வரிகள் மனப்பாடமாக இருக்கும்: மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, பாசனத்துக்குத் திறப்பு இத்தனை கன அடி. அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 30 அடிக்குத் தண்ணீர் கிடந்தாலும் சொல்வார்கள், 120 தொட்டு பதினாறு கண் மதகில் சீறினாலும் சொல்வார்கள். தஞ்சாவூர்க்காரர் அதைக் கேட்டுத்தான் நாற்று விடலாமா என்று முடிவு செய்தார்.

கர்நாடகத்திலிருந்து காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில், பிலிகுண்டுலுவில், மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது. அங்கே அளவு ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்துவார்கள், அடுத்து மேட்டூரில் கரையோரம் தண்டோரா. ஆற்றின் நீளம் முழுக்க அளவுகோல் நட முடியாது. சரியான சில இடங்களில் நட்டு, மழையோ வெயிலோ, ஒரே விதமாக, தினமும் பார்த்தால் போதும். வெள்ளம் வந்த பிறகு ஓடிப்போய் அளவுகோல் நட்டு என்ன பிரயோசனம்? நேற்று எவ்வளவு இருந்தது என்று தெரியாதவருக்கு இன்றைய அளவு வெறும் எண்தான்.

நோய்க் கண்காணிப்பில் 'சென்டினல்' மருத்துவமனை என்று சொல்வது இதைத்தான். எல்லா மருத்துவமனையிலும் எல்லோரையும் சோதிக்க முடியாது. தேர்ந்தெடுத்த சில இடங்களில், ஒரே இலக்கணத்தில் பொருந்தி உள்நோயாளியாகச் சேர்பவர்களை வாரம் தவறாமல் எண்ணி, அவர்களில் சிலரிடம் மூக்கு, தொண்டைச் சளி எடுத்துப் பரிசோதிப்பார்கள். அந்த இலக்கணம் ரொம்ப எளிமையானது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், அல்லது காய்ச்சல் அடித்தது என்று நோயாளி சொன்னால் போதும். இருமல் வேண்டும். இரண்டும் கடந்த 10 நாட்களுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரையறை இது. மருத்துவர்கள் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'சாரி' என்பார்கள். கடுமையான திடீர் மூச்சுத்தொற்று என்று பொருள். கொரோனா காலத்தில் 'சாரி வார்டு' என்ற போர்டைப் பார்த்துச் சேலை ஞாபகம் வந்தவர்கள் ஊரில் நிறைய.

இந்த வரையறை ஒரு வலை. இதில் இன்ஃபுளூயன்சா மட்டுமே மாட்டும் என்று யாரும் நினைப்பதில்லை. வேறு வைரஸும் மாட்டும், பாக்டீரியா நிமோனியாவும் மாட்டும். வாரம் 10 பேர் மாட்டிக்கொண்டிருந்த இடத்தில் 25 பேர் மாட்டினால் ஏதோ நடக்கிறது. என்ன நடக்கிறது என்பதை ஆய்வகம் சொல்லும்.

'நில்' என்று ஒரு தகவல்

இந்தியாவில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004இல் தொடங்கியது. துணை சுகாதார நிலையத்தின் செவிலியர் நிரப்ப ஒரு படிவம், மருத்துவர் நிரப்ப ஒன்று, ஆய்வகம் நிரப்ப ஒன்று. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். எங்கள் பகுதியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவரிடம் இதைப் பற்றி நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, காய்ச்சல் வந்த ஊரைக் கண்டுபிடிக்கறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. அதை ஊரே கூப்பாடு போட்டுச் சொல்லிரும். காய்ச்சல் இல்லாத வாரத்துல 'நில்'னு எழுதி அனுப்ப வைக்கறதுதான் கஷ்டம். 'ஒண்ணுமே இல்லையே சார், எதுக்கு எழுதணும்'பாங்க. அட, இல்லைங்கறதும் ஒரு தகவல்தாம்ப்பா. நீ அனுப்பலன்னா காய்ச்சல் இல்லையா, நீ லீவுல இருக்கியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"டேம்ல தண்ணி இல்லாதப்பவும் அளவு சொல்றாங்கல்ல சார், அது மாதிரியா?"

"அதேதான். ஆனா டேம் அளவு கேக்கறதுக்கு டெல்டாவே காத்துக் கெடக்குது. எங்க படிவத்தைக் கேக்கறதுக்கு யாரு இருந்தா?"

கேட்க ஆள் வந்தது 2009இல். அந்த ஆண்டு மே மாதம் ஹைதராபாத்தில் நாட்டின் முதல் எச்1என்1 நோயாளி கண்டறியப்பட்டார். ஜூன் 11 அன்று உலகக் கொள்ளைநோய் என்று அறிவித்தார்கள். ஆகஸ்டில் புனேயில் முதல் இறப்பு, அடுத்த சில நாட்களில் சென்னையிலும். முகக்கவசம் என்ற பொருளைத் தமிழ்நாடு முதன்முதலாகத் தேடி அலைந்தது அப்போதுதான். சளி மாதிரிகள் சோதனைக்குப் போன இடம் கிண்டி கிங் நிலையம். 1899இல் அம்மைத் தடுப்பு மருந்துக்காக உருவான நிறுவனம் அது. மேட்டூரில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால், அவர் சளி ஐஸ் பெட்டியில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பெட்டிக்குள் குளிர் 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்க வேண்டும். வழியில் ஐஸ் உருகினால் வைரஸ் சிதையும், முடிவு 'இல்லை' என்று வரும். அந்த 'இல்லை'க்கும் ஆய்வாளர் சொன்ன 'நில்'லுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மத்திய அரசு நோயாளிகளை மூன்றாகப் பிரித்தது. ஏ என்றால் லேசான காய்ச்சல், பரிசோதனை வேண்டாம், வீட்டில் இரு. பி என்றால் கடுமையான காய்ச்சல் அல்லது ஆபத்துப் பிரிவில் இருப்பவர், ஒசெல்டாமிவிர் மாத்திரை தேவைப்படும். சி என்றால் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் இறங்குதல். உடனே சேர், சோதி, சிகிச்சை கொடு. மருத்துவ ரீதியில் மிகச் சரியான பிரிவினை. மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும், சோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆனால் இதில் புள்ளிவிவரத்துக்கு ஒரு விளைவு உண்டு. அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் செய்தி படித்தால் தலை சுற்றும்.

நாடு முழுவதும் பதிவான எச்1என்1 எண்ணிக்கை 2015இல் 42 ஆயிரத்துக்கு மேல், இறப்பு 3,000ஐ ஒட்டி. 2016இல் நோயாளிகள் 1,800ஐக்கூடத் தொடவில்லை. 2017இல் மறுபடி 38 ஆயிரம், இறப்பு 2,200க்கு மேல். அந்த 2017இல் மாநிலக் கணக்கைப் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் 6,100 சொச்சம் நோயாளிகள், 778 இறப்புகள். தமிழ்நாட்டில் 3,300 சொச்சம் நோயாளிகள், 17 இறப்புகள். அங்கே எட்டுப் பேருக்கு ஒருவர், இங்கே இருநூறு பேருக்கு ஒருவர்.

ஒரே வைரஸ்தான். நம் மருத்துவமனைகள் நல்லவை என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம், அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் இந்த விகிதத்தை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. சாகக் கிடப்பவர்களை மட்டும் சோதிக்கும் இடத்தில் விகிதம் ஏறும். லேசான காய்ச்சலோடு வந்தவர்களையும் சேர்த்துச் சோதிக்கும் இடத்தில் இறங்கும். மேலே இருக்கும் எண் சாவு. கீழே இருக்கும் எண் யாரைச் சோதித்தோம் என்ற முடிவு. கீழெண் ஊருக்கு ஊர் மாறும்போது பின்னத்தை ஒப்பிடுவது வீண் வேலை. 1957இல் நாலாயிரத்துக்கு ஒன்று என்று வந்த கணக்கிலும் இதே ஓட்டைதான். அங்கே கீழெண் ஊதிப்போயிருந்தது.

அதனால்தான் ஒரே வரையறை, ஒரே மாதிரியான கட்டில், வாராவாரம் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். அதில் இறப்பு விகிதத்தைவிடப் பயனுள்ள வேறு சில கிடைக்கும். இப்படி ஆண்டுக்கணக்கில் பல நகரங்களில் எண்ணிப் பார்த்ததில்தான் இந்தியாவுக்கு ஒரே ஃபுளூ காலம் கிடையாது என்று தெரிந்தது. ஸ்ரீநகரில் குளிர்காலத்தில் உச்சம். டெல்லி, புனே, கொல்கத்தா பக்கம் ஜூலை முதல் செப்டம்பர். சென்னையில் அக்டோபர், நவம்பர். அதாவது நம் ஐப்பசி, கார்த்திகை. 'மழையில நனையாத, காச்ச வரும்' என்று அம்மாயி சொன்னதில் காரணம் தப்பாக இருக்கலாம். மாதம் சரி. தடுப்பூசி போட நினைப்பவர்கள் மழைக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும் என்று இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் அதே மாதங்கள்தான் டெங்குவின் மாதங்களும். 2017இல் தமிழ்நாட்டில் பதிவான டெங்கு மட்டும் 23 ஆயிரத்துக்கு மேல். அரசு மருத்துவமனைகளில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். அந்த நெரிசலில் இருமுகிறவர் யார், ரத்தத் தட்டணு குறைந்தவர் யார் என்று பிரித்துப் படிவம் எழுத யாருக்கு நேரம்? மர்மக் காய்ச்சல் பிறக்கும் இடம் இதுதான்.

104 பேர்

இந்த வலை என்னவெல்லாம் செய்யும் என்று ஒருமுறை நாடே பார்த்தது. ஆனால் வேறு கூச்சலில் கவனிக்கவில்லை.

2020 பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 2 வரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வகங்கள் கடுமையான மூச்சுத்தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்திருந்த 5,911 பேரின் மாதிரிகளைக் கொரோனாவுக்குச் சோதித்தன. 104 பேருக்கு இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும் மட்டும் எல்லோரும் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. இந்த 104 பேரில் 40 பேருக்கு வெளிநாட்டுப் பயணமும் இல்லை, நோயாளியோடு தொடர்பும் இல்லை. மார்ச் நடுவுக்கு முன் இப்படிச் சோதித்தவர்களில் யாருக்கும் இல்லாத தொற்று, ஏப்ரல் தொடக்கத்தில் நூற்றுக்கு 2.6 ஆனது. தமிழ்நாட்டில் 577 பேரைச் சோதித்ததில் 5 பேர்.

5 என்பது சின்ன எண். ஆனால் பிலிகுண்டுலுவில் அளவு ஏறுவதும் முதலில் சின்ன எண்தான். விமானத்தில் வந்தவர்களைத் துரத்திக்கொண்டிருந்தபோது, வைரஸ் ஏற்கெனவே ஊருக்குள் வந்துவிட்டது என்று சொன்னது கட்டிலில் கிடந்தவர்களின் சளிதான். புதிய நோயைக் கண்டுபிடிக்கப் புதிய ஏற்பாடு தேவைப்படவில்லை. பழைய காய்ச்சலுக்காக விரித்த வலை போதுமானதாக இருந்தது.

கொரோனா எங்களுக்குச் செய்த ஒரே நல்ல காரியம், ஆய்வகம் பக்கத்தில் வந்தது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியிலேயே ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை நடக்கத் தொடங்கியது. மேட்டூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலிருந்து அது ஐம்பது கிலோமீட்டர் சுற்றுவட்டம்தான். ஐஸ் பெட்டி இனி ராத்திரி முழுக்கப் பயணம் செய்ய வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோது வேறுபாடு தெரிந்தது. மருத்துவமனையில் சேர்ந்த எச்3என்2 நோயாளிகளில் நூற்றுக்கு 10 பேருக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது, 7 பேருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டது என்று அந்த மாதமே ஆராய்ச்சிக் கழகம் சொல்ல முடிந்தது. தமிழக அரசு ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியது. 1957இன் அறிக்கை அச்சாக இரண்டு ஆண்டுகள் ஆனதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோழிப்பண்ணையும் கட்டிலும்

இதெல்லாம் சேலம், நாமக்கல் சமவெளியில் இருப்பவர்களுக்கு ஏன் கூடுதல் முக்கியம் என்று கேட்டால், ஒரு வார்த்தையில் பதில்: முட்டை. நாட்டின் மிகப் பெரிய முட்டை மண்டலங்களில் ஒன்று நாமக்கல். லட்சக்கணக்கான கோழிகள் அடைந்து கிடக்கும் பண்ணைகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன.

பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1, கோழியிலிருந்து மனிதருக்கு நேரடியாகத் தாவும் என்று முதன்முதலில் தெரிந்தது 1997இல், ஹாங்காங்கில். 18 பேருக்கு வந்தது, 6 பேர் இறந்தார்கள். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் கோழித் தொற்று. மனித இறப்பு 2021இல் டெல்லி மருத்துவமனையில், ஒரு சிறுவன். மனிதரிலிருந்து மனிதருக்கு அது எளிதில் பரவுவதில்லை, இதுவரை. நன்றாக வேகவைத்த முட்டையோ கறியோ ஆபத்தில்லை. அதையும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு வதந்தி கிளம்பினால் முதலில் விழுவது பண்ணைத் தொழிலாளியின் கூலிதான்.

ஆனால் ஒருநாள் அந்த வைரஸ் மாறினால், முதல் தடயம் எங்கே தெரியும்? ஏதோ ஒரு பண்ணையில் வேலை செய்பவர் கடுமையான நிமோனியாவோடு இராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ மேட்டூரிலோ ஒரு கட்டிலுக்கு வருவார். அவரிடம் 'என்ன வேலை செய்யறீங்க, வீட்டுல கோழி செத்துதா' என்று யாராவது கேட்க வேண்டும். அவர் சளியை எடுக்க வேண்டும். வழக்கமான இன்ஃபுளூயன்சா வகைகளோடு பொருந்தவில்லை என்றால் ஆய்வகம் அதைப் புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும், அடுத்த நாள் பேப்பரில் மர்மக் காய்ச்சலுக்குப் பண்ணைத் தொழிலாளி பலி என்று நாலு வரி வரும். அத்தோடு முடிந்தது.

விடுபடுகிற கண்ணி பெரும்பாலும் முதலாவதுதான். காய்ச்சல் வந்த மூன்று நாள் மருந்துக்கடையில் 'நாலு வேளைக்கு மாத்திரை குடுங்க' என்று வாங்கித் தின்கிறோம். அப்புறம் ஒரு ஊசி, ஒரு டிரிப். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு தனியார் மருத்துவமனை, பணம் தீர்ந்த பிறகு அரசு மருத்துவமனை. அதற்குள் பத்து நாள் ஓடிவிடும். வைரஸ் சளியிலிருந்து மறைந்து நிமோனியா மட்டும் மிஞ்சியிருக்கும். மாத்திரைக்கான 48 மணி நேரமும் போய்விடும், வரையறைக்கான 10 நாளும் போய்விடும். எந்தக் கணக்கிலும் அவர் வரமாட்டார். மணியக்காரர் காலத்திலாவது 'சுரம்' என்று ஒரு கட்டத்தில் விழுந்திருப்பார்.

சுகாதார ஆய்வாளரிடம் கிளம்பும்போது கேட்டேன், படிவத்தில் நிரப்பக் கஷ்டமான கட்டம் எது என்று. வயது, தொழில், முகவரி என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"காய்ச்சல் ஆரம்பிச்ச தேதி," என்றார். "நம்ம ஜனங்க தேதி சொல்லமாட்டாங்க தம்பி. அமாவாசைக்கு மக்யா நாளும்பாங்க. சந்தைக்குப் போயிட்டு வந்தேன், அன்னைக்கு ராத்திரிம்பாங்க. மச்சான் வூட்டுக் கெடாவெட்டுக்கு முந்தின நாளும்பாங்க. நாங்க காலண்டரை எடுத்து வெச்சுக்கிட்டு, சந்தை என்னைக்கு, கெடாவெட்டு என்னைக்குன்னு எண்ணிப் பாத்துத் தேதி போடுவோம். அதுல ரெண்டு நாள் தப்பினா எல்லாமே தப்பு."

அந்தக் காலண்டர் மேசையில்தான் கிடந்தது, தினசரித் தாள் கிழிக்கிற மாதிரி. ஓய்வுபெற்று எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், அமாவாசைகளுக்கும் சந்தை நாட்களுக்கும் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.